பழைய வில்: எய்வதா, பாதுகாத்து வைப்பதா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பரணிலும் அலமாரியின் பின்புறத்திலும் பல ஆண்டுகளாகக் கிடந்த விற்களைப் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் வில் வேறு. ஆனால் எல்லோரும் அறிய விரும்புவது ஒன்றே. இதை நாணேற்றி எய்யலாமா, அல்லது தொடாமல் வைத்திருக்க வேண்டுமா? வயதை மட்டும் பார்த்தோ, விலையை மட்டும் பார்த்தோ இதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. முறிவதற்கு முன்னால் அந்த வில் ஏதேனும் அறிகுறி காட்டுமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அறிகுறி காட்டக்கூடிய பொருளால் செய்த வில்லை, முறையாகச் சோதித்த பிறகு எய்யலாம். அறிகுறியே காட்டாமல் முறியும் வில், பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்தாலும், எய்வதற்கு உரியதன்று.

கேள்வி: என் பெரியப்பா 1970களில் அமெரிக்காவில் படித்துத் திரும்பியபோது கொண்டுவந்த, நுனிகள் முன்புறமாக வளைந்த ‘ரிகர்வ்’ வில் எங்களிடம் இருக்கிறது. கைப்பிடிக்கு மேலே மரத்தில் நாணயம் போன்ற ஓர் உலோக முத்திரை பதித்திருக்கிறது. ‘பேர் ஆர்ச்சரி, கிரேலிங், மிச்சிகன்’ என்றும், ‘கனடா 1953’ என்றும் எழுதியிருக்கிறது. கையால் எழுதிய 45, அதன் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, 60 அங்குலம் என்ற குறிப்பு ஆகியவையும் உள்ளன. எழுபது ஆண்டுப் பழமையான அரும்பொருள், தொடாதே என்கிறார் ஓர் உறவினர். என் மகனுக்குப் பதினாறு வயது. வில்வித்தை பழகத் தொடங்கியிருக்கிறான். இதைக் கொண்டே பழகலாமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: முதலில் வயதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1953 என்பது கனடாவில் பெற்ற காப்புரிமையின் ஆண்டு. வில் செய்யப்பட்ட ஆண்டு அன்று. அந்த நிறுவனத்தின் விற்களில் பல ஆண்டுகள் அதே எண் தொடர்ந்து அச்சிடப்பட்டதால், உலகம் முழுவதும் பலர் தங்கள் வில்லை 1953-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரெட் பேர் 1933-இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய தொழில், 1947-இல் கிரேலிங்குக்கும், 1978-இல் ஃபுளோரிடாவிலுள்ள கெய்ன்ஸ்வில்லுக்கும் இடம் மாறியது. நாணய முத்திரை பதிக்கும் வழக்கம் 1959-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் வில் 1959-க்கும் 1978-க்கும் இடைப்பட்டது. பெரியப்பா வாங்கிய காலத்தை வைத்துப் பார்த்தால் 1970களின் முற்பகுதியாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் செய்து விற்கப்பட்ட, மக்கள் எய்வதற்காகவே வாங்கிய வில் அது. நல்ல நிலையில் இருந்தால் அதை எய்வதில் எந்தத் தவறும் இல்லை என்பதோடு, எய்ய வேண்டும் என்றே நான் சொல்வேன். இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மரப் பட்டைகளை வைத்து ஒட்டிய இவ்வகை விற்கள், ஒழுங்காக வைத்திருந்தால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தம் விசையை இழப்பதில்லை.

ஆனால் அதை எய்ய வேண்டியவர் உங்கள் மகன் அல்லர். 45 என்பது நாணை 28 அங்குலம் இழுக்கும்போது கையில் தாங்க வேண்டிய பவுண்டுக் கணக்கு. பக்கத்திலுள்ள பெருக்கல் குறி, உண்மையான விசை அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதைக் காட்டுகிறது. உங்கள் மகன் 26 அங்குலமே இழுத்தாலும் ஏறத்தாழ 40 பவுண்டைத் தாங்க வேண்டியிருக்கும். பழகத் தொடங்கும் வயதில் 20 முதல் 26 பவுண்டு வரையிலான வில்லே போதுமானது. தாங்க முடியாத வில்லை இழுப்பவர் தோளை உயர்த்துவார், முதுகை வளைப்பார், குறி பார்க்கும் முன்பே நாணை விட்டுவிடுவார். அந்தப் பழக்கங்களைப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம், தோள்மூட்டுக் காயமும் சேர்ந்துகொள்ளும். சில ஆண்டுகள் முறையாகப் பயின்று அவன் உடல் தயாரானபின் பெரியப்பாவின் வில் அவன் கைக்கு வரட்டும். அதுவரை, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் அதை எய்து பார்க்கலாம்.

அதற்கு முன் சோதனை வேண்டும், அதில் அவசரம் கூடாது. காலை வெயில் சாய்வாக விழும் சன்னலருகே வில்லை நாணில்லாமல் பிடித்து, வீரர்கள் ‘லிம்ப்’ என்று சொல்லும் மேல், கீழ்ப் பகுதிகள் இரண்டையும் முன்னும் பின்னும் நிதானமாகப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் முடிபோன்ற கோடுகள் பழைய விற்களில் சாதாரணம். பெரும்பாலும் அவை மேற்பூச்சிலோ கண்ணாடியிழையின் மேற்பரப்பிலோ மட்டும் இருப்பவை. குறுக்குவாக்கில் ஓடும் கோடும், நகத்தை வைத்து நகர்த்தினால் நகம் மாட்டிக்கொள்ளும் விரிசலும் ஆபத்தானவை. பஞ்சை எடுத்து லிம்பின் ஓரங்கள் முழுவதும் மெல்லத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு இருக்குமிடத்தில் பஞ்சு நூல் சிக்கி நிற்கும். பிறகு பக்கவாட்டில் பார்த்து, ஒட்டுக் கோடு எங்கேனும் வாய் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மெல்லிய தாளின் ஓரம் உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள், அந்த வில்லைச் சுவரில் மாட்டிவிடலாம்.

இவற்றில் தேறிய பிறகே நாணேற்ற வேண்டும். வில்லைத் தொடைக்குப் பின்னால் கொடுத்து, காலை நடுவே நுழைத்து வளைக்கும் பழைய முறை லிம்பைத் திருகிவிடும்; ‘ஸ்டிரிங்கர்’ எனப்படும் நாணேற்றும் கயிற்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதன் விலை மிகக் குறைவு. நாணேற்றிய வில்லை ஒரு முனையிலிருந்து நோக்கினால், நாண் இரு நுனிகளின் நடுப்பள்ளத்திலும் நேராக விழ வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் திருகியிருக்கிறது. இலேசான திருகலை அனுபவமுள்ளவர்கள் கையால் மெல்ல எதிர்த்திசையில் அழுத்திச் சரிசெய்வார்கள். அதை நீங்களே செய்ய முயல வேண்டாம். நாணேற்றிய நிலையில் சில மணி நேரம் விட்டு, ‘டிக்’ என்ற ஓசை ஏதும் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு நாலைந்து அங்குலம் இழுத்து, மெல்லத் திரும்ப விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முழு அளவு வரை போகலாம். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிடுவது எந்த வில்லுக்கும் கேடு. ஐம்பது ஆண்டுப் பழைய வில்லுக்கு அதுவே முடிவாகலாம். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்புக்கே திரும்பிவிடுகிறது.

நாண் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான நாண்கள், 1980களில் புழக்கத்துக்கு வந்த ‘ஃபாஸ்ட் ஃபிளைட்’ போன்ற, நீளாத இழைகளால் ஆனவை. புதிய விற்களின் நுனிகள் அதைத் தாங்கும்படி வலுவூட்டப்பட்டவை. உங்கள் வில்லின் நுனிகள் அப்படியல்ல. சற்றே நீண்டு கொடுத்து அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் டேக்ரான் நாண், பி-50 என்று கேட்டால் கிடைப்பது, அதற்கு வேண்டும். 60 அங்குல வில்லுக்கு ஏறத்தாழ 56 அங்குல நாண் பொருந்தும். நாணேற்றிய பின் கைப்பிடியின் உட்பள்ளத்துக்கும் நாணுக்கும் இடையே 7 முதல் 9 அங்குலம் இடைவெளி இருப்பது இவ்வகை விற்களுக்கு வழக்கமான அளவு. அந்த எல்லைக்குள் ஓசை மிகக் குறைவாக இருக்கும் இடத்தை நாணைத் திருகித் திருகிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அம்பும் கனமாக இருக்க வேண்டும். வில்லின் விசையில் ஒரு பவுண்டுக்கு 9 அல்லது 10 கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறு எடை அலகு) என்ற பழைய கணக்கின்படி உங்கள் வில்லுக்கு 26 முதல் 29 கிராம் வரை எடையுள்ள அம்பு பொருந்தும். நகை நிறுக்கும் சிறு தராசில் ஒவ்வோர் அம்பையும் நிறுத்துப் பாருங்கள். இன்றைய போட்டிகளில் எய்யும் மெல்லிய கார்பன் அம்புகள் பல இதைவிட எடை குறைந்தவை. மிக இலேசான அம்பை இந்த வில்லில் வைப்பது, அம்பில்லாமல் எய்வதற்கு ஏறக்குறைய ஒப்பானது.

கடைசியாக ஒன்று. மொட்டை மாடியில் எய்து பார்க்கலாம் என்று தோன்றும். 40 பவுண்டு வில்லிலிருந்து புறப்படும் அம்பு 150 மீட்டருக்கு மேல் பறக்கும்; அண்ணா நகரில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடுகள், எத்தனை தெருக்கள்! பின்தடுப்புள்ள பயிற்சி மைதானத்தில் மட்டுமே எய்யுங்கள்.

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்த என் தாத்தா வைத்திருந்த வில் முழுக்க எஃகால் ஆனது, உள்ளே குழாய்போல் வெற்றிடம் இருக்கிறது, நடுவில் இரண்டாகக் கழற்றலாம். பச்சை வண்ணம் பூசியிருக்கிறது, துரு எதுவும் தெரியவில்லை. எஃகுக்கு என்ன ஆகிவிடப்போகிறது, வரும் பொங்கலன்று எய்து பார்ப்போம் என்கிறான் தம்பி. எனக்குத்தான் தயக்கமாக இருக்கிறது.
— வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் தயக்கமே சரி. தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வந்த கேள்விகளில் நான் மிகவும் கவலைப்பட்டது இதைப் படித்துத்தான்.

சுவீடனின் ‘சீஃபாப்’, பர்மிங்ஹாம் அருகே ஆக்கிள்ஸ் அண்டு பொல்லக் நிறுவனம் செய்த ‘அப்போலோ’ ஆகியவை 1930களிலிருந்து 1950கள் வரை பெயர்பெற்ற எஃகு விற்கள். மர வில் வெயிலுக்கும் மழைக்கும் மாறும், எஃகு மாறாது என்பதுதான் அவற்றின் பெருமை. அந்தக் காலத்தில் அது நியாயமான பெருமையும்கூட. ஆனால் திரும்பத் திரும்ப வளையும் எஃகில், வெளியிலிருந்து பார்க்க முடியாத இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன. குழாயின் உட்புறத்தில் ஈரம் தங்கினால் துரு அந்த வெடிப்புகளுக்குத் துணைபோகிறது. வெளியே பூசிய வண்ணம் அழகாக இருப்பதற்கும் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. கடற்காற்று வீசும் நம் ஊரில், தாத்தா காலத்திலிருந்து எத்தனை மழைக்காலங்களை அந்தக் குழாய் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மரமும் கண்ணாடியிழையும் முறிவதற்கு முன் பெரும்பாலும் ஓசை எழுப்பும், சிலாம்பு காட்டும், வளைவு மாறும். எஃகு வில் நேற்று எய்ததைப் போலவே இன்றும் எய்யும். அடுத்த இழுப்பில் முறியும். முழுவதும் இழுத்த நிலையில் முறியும்போது கூர்மையான துண்டு இருப்பது எய்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் அருகே. இதைச் சோதித்துப் பார்த்து எய்யலாம் என்று சொல்லும் நண்பர்கள் உங்களுக்கு வாய்க்கலாம். வீட்டில் செய்யக்கூடிய எந்தச் சோதனையும் உட்சுவரைக் காட்டாது.

அலங்காரத்துக்காகக்கூட அதை வளைத்து நாணேற்ற வேண்டாம், நாணேற்றுவதும் வளைப்பதுதானே. பழைய நாணைக் கழற்றித் தனியே ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். வில்லைச் சுவரில் மாட்டும்போது வேண்டுமானால் தளர்வான ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டாகக் கழன்று வரும் மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வண்ணம் உரிந்த இடங்களில் மட்டும் நிறமற்ற மெழுகை மெல்லியதாகத் தடவுங்கள். மீண்டும் வண்ணம் பூச வேண்டாம். ‘இந்த வில்லை எய்யக் கூடாது, எஃகு உட்புறம் நம்பத் தக்கதன்று’ என்று ஒரு சீட்டில் எழுதி, தாத்தாவின் பெயரையும் அவர் வேலை பார்த்த காலத்தையும் சேர்த்து எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் கையில் அது கிடைக்கும்போது, இதே கேள்வியைக் கேட்க அவர்களுக்கு ஆள் இருக்காது.

கேள்வி: 1980களின் காம்பவுண்டு வில் ஒன்று நண்பர் வழியாக வந்தது. கப்பிகளில் ஓடும் கம்பிகள் எஃகால் ஆனவை, சற்றே பிரிந்திருக்கின்றன. புதுக் கம்பி மாற்றி எய்யலாமா?
— வாசகர், துரைப்பாக்கம்

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். ஹாலெஸ் வில்பர் ஆலன் காம்பவுண்டு வில்லுக்குக் காப்புரிமை பெற்றது 1969-இல். அதன் பிறகு அந்த வகை மிக விரைவாக மாறிவிட்டது, பத்தாண்டுகளுக்கு முந்திய வில்லுக்கே உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. கம்பி பிரிந்திருக்கும் நிலையில் அதை ஒருமுறை இழுத்தாலும் ஆபத்து. காம்பவுண்டு வில் எப்போதும் இறுக்கத்திலேயே இருப்பதால், லிம்பை அழுத்திப் பிடிக்கும் ‘பிரெஸ்’ என்ற சாதனம் இல்லாமல் கம்பியைக் கழற்றக் கூடாது. கழற்றினால் லிம்ப் துள்ளி அடிக்கும். அந்தச் சாதனம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லி, பயிற்சி மையம் ஒன்றுக்குக் காட்சிப் பொருளாகக் கொடுத்துவிடலாம். கப்பியும் கம்பியும் எப்படி இழுவிசையைக் குறைக்கின்றன என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்க, மறைப்பு எதுவும் இல்லாத அந்தப் பழைய அமைப்பே சிறந்தது.

கேள்வி: வில்லோடு ஒரு தோல் தூணியில் பன்னிரண்டு அம்புகள் வந்தன. ஐந்து மரத்தால் ஆனவை. ஏழு அலுமினியம், 1816 என்று எண் போட்டிருக்கிறது. இறகுகள் நன்றாகவே இருக்கின்றன. வில்லைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அம்பைப் பற்றி யாரும் சொல்வதில்லையே.
— வாசகர், நங்கநல்லூர்

பதில்: நல்ல கேள்வி. பழைய வில்லைவிடப் பழைய அம்பினால் காயம்பட்டவர்களே அதிகமாக இருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். எய்யும் கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. நாண் பின்னாலிருந்து தள்ளும் விசையில் வளைந்து, நெளிந்து, பிறகுதான் நிமிர்கிறது. அந்த வளைவில் முறிந்தால், பின்பாதி வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள் பாயும்.

மர அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரு முனையிலும் பிடித்து, உங்கள் முகத்துக்கு எதிர்ப்புறமாக மெல்ல வளைத்து, சற்றே சுழற்றி மறுபடியும் வளைத்துப் பாருங்கள். ஓசை வந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வளைந்தாலோ, அதை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். ஒடிக்காமல் போட்டால் வேறு யாரேனும் எடுத்து எய்வார்கள். மரத்தின் நார் அம்பின் நீளத்திலேயே ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறும் அம்பும் நம்பத் தக்கதன்று. நம் ஊரில் மர அம்புகளை உளு அரிப்பதும் உண்டு. ஊசிமுனையளவு துளையும் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் தூணியோடு தனியே எடுத்து வையுங்கள், இல்லையேல் வில்லின் மரத்துக்கும் பரவும்.

அலுமினிய அம்புகளின் எண்ணில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. 1816 என்றால், வெளிவிட்டம் ஓர் அங்குலத்தின் 64-இல் 18 பங்கு. குழாயின் சுவர் ஓர் அங்குலத்தின் 1000-இல் 16 பங்கு. முதல் இரண்டு இலக்கங்கள் பருமனையும், பின்னிரண்டு கனத்தையும் சொல்கின்றன. சமமான மேசைமேல் உருட்டினால் வளைந்த அம்பு தத்தித் தத்தி ஓடும். நெளிவோ குழியோ விழுந்தவற்றை ஒதுக்குங்கள். மற்றவற்றை எய்யலாம், ஆனால் நாணில் பொருந்தும் ‘நாக்’ எனப்படும் நெகிழிக் கொளுவியை எல்லா அம்புகளிலும் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து நெகிழி காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். நாணை விட்டவுடன் அது உடைந்தால் அம்பில்லாமல் எய்ததன் விளைவே ஏற்படும். 1816 அம்பு 30 பவுண்டுக்குச் சற்று மேலான விசைக்கு ஏற்றது என்பதையும் மனத்தில் வையுங்கள். 45 பவுண்டு வில்லுக்கு அது மெலிவு. தூணியில் வேட்டைக்குரிய அகன்ற கூர்முனை அம்புகள் இருந்தால், அவை பார்வைக்கு மட்டுமே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்நாட்டில் அவற்றுக்கு வேலை இல்லை, பயிற்சி இலக்குகளையும் அவை கிழித்துவிடும்.

கேள்வி: பழைய வில்லை ஆயுத பூஜைக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக வார்னிஷ் அடிக்கலாம் என்று தச்சர் சொல்கிறார். தேங்காய் எண்ணெய் தடவினால் மரம் விரியாது என்று அம்மா சொல்கிறார். எதைச் செய்வது?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: இரண்டும் வேண்டாம். உப்புத்தாள் படும் கண்ணாடியிழையில் இழைகள் அறுபடும். கையெழுத்தாக எழுதிய பவுண்டுக் குறிப்பும் எண்களும் நிறுவன முத்திரையும் அழியும். அந்தக் குறிப்புகள் போனால் வில்லின் வயதையும் விசையையும் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சேகரிப்பவர்கள் கீறல் விழுந்த மூலப் பூச்சையே விரும்புகிறார்கள், புதுப்பூச்சு பூசிய வில்லின் மதிப்பைக் குறைத்தே பேசுவார்கள். குறி பார்க்கும் கருவி பொருத்துவதற்காகத் துளை போடுவதும் அப்படியே. எய்யத் தீர்மானித்த வில்லாக இருந்தாலும் துளை போடாதீர்கள். ஒட்டும் நாடாவில் நிற்கும் கருவிகள் கிடைக்கின்றன. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும், தோல் சுற்றிய கைப்பிடியில் பூஞ்சை பிடிக்கவும் வழிசெய்யும். ஈரம் பிழிந்த மென்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி, மரச்சாமான் மெழுகை இலேசாகத் தடவினால் போதும். பூஜையில் வைப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் மரத்தின்மேலோ தோலின்மேலோ நேராக இடாமல், வில்லைச் சுற்றிய துணியில் இடுங்கள். ஈரச் சந்தனத்தின் கறை பூச்சில்லாத மரத்தில் இறங்கினால் போகாது.

நம் நகரத்தில் வில்லைக் கெடுப்பவை வெப்பமும் ஈரமும். மொட்டை மாடித் தளத்துக்கு நேர்கீழே உள்ள பரண், அக்னி நட்சத்திர நாட்களில் அடுப்பருகே இருப்பதுபோல் காய்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அதைவிட மோசம்; ஒட்டுப்பசை இளகி, லிம்பின் அடுக்குகள் பிரிவதற்கு ஒரு பகல் போதும். சமையலறை, குளியலறைச் சுவர்களைத் தவிர்த்து, வேறோர் உள்சுவரில், துணி சுற்றிய இரண்டு மர முளைகளின்மேல் நாணின்றிப் படுக்கைவசமாக வைப்பதே நல்லது. மூலையில் சாய்த்து நிறுத்தினால் வில்லின் எடையே கீழ் லிம்பைக் காலப்போக்கில் திருகும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உள்ளே வியர்த்துப்போகும். பழைய பருத்திப் புடவையில் தைத்த உறை காற்றோட்டமாக இருக்கும்.

கேள்வி: பரங்கிமலையில் எங்கள் குடும்ப வீட்டைப் பிரித்தபோது ஐந்தடி நீளமுள்ள ஒரு மெல்லிய மர வில் கிடைத்தது. இரு நுனிகளிலும் கொம்பு, கைப்பிடியில் பச்சை வெல்வெட் துணி, அதன் அருகே ‘ஆல்ட்ரெட், லண்டன்’ என்ற முத்திரையும் 27 என்ற எண்ணும் உள்ளன. வளைத்துப் பார்த்தால் நன்றாகவே வளைகிறது. வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அனுப்பலாமா, எய்யச் சொல்லலாமா?
— வாசகர், பரங்கிமலை

பதில்: ஐயா, இனி வளைத்துப் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் விரும்பிய நெடுவில். பெரும்பாலும் யூ மரத்தால் ஆனது. ஆல்ட்ரெட் அக்காலத்து லண்டனின் மிகச் சிறந்த வில் செய்வோருள் ஒருவர். 27 என்பது பவுண்டுக் கணக்கு. ஐந்தடி நீளமும் 27 பவுண்டும் சேர்ந்து, அது ஒரு பெண்மணிக்காகச் செய்யப்பட்டது என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்கின்றன. பெண்கள் பொதுவெளியில் போட்டியிட இடம் தந்த மிகச் சில விளையாட்டுகளில் அன்று வில்வித்தையும் ஒன்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்றே வில்வித்தைப் போட்டி நடந்து, குவீனி நியூவால் தங்கம் வென்றார். பரங்கிமலைப் படைக் குடியிருப்பின் புல்வெளி ஒன்றில் யாரோ ஒரு பெண்மணி இதை எய்திருக்கக்கூடும்.

அந்த மரம் இப்போது நூறாண்டுகளுக்கு மேல் காய்ந்திருக்கிறது. யூ மரம் குளிர்நாட்டுக்கு உரியது, வெயில் ஏற ஏறத் தளர்ந்துபோகும் இயல்புடையது. குளிர்சாதன அறையிலோ அதிகமாகக் காய்ந்து, வளைக்கும்போது நார் அறுந்துவிடும். ஒருமுறை முழுவதும் இழுத்தாலே முறியக்கூடிய அந்த வில்லைப் பழையபடி ஒட்ட யாராலும் முடியாது. 1970-இன் கண்ணாடியிழை வில் ஒன்று முறிந்தால் அதே வகையில் வேறொன்று எங்கேனும் கிடைக்கும். இதற்கு மாற்று கிடைக்காது. மகளுக்கு நெடுவில் எய்ய ஆசை இருந்தால், அதே வடிவில் இன்று செய்யும் புதிய வில் ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். கையில் அதன் உணர்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

அனுப்புவதைப் பொறுத்தவரை, சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்கும் மேலான கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள்களை விற்பதைத் தொழிலாகச் செய்வோருக்கு உரிமமும் வேண்டும். எனவே யாரேனும் நல்ல விலை சொல்லி வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொம்பு நுனிகளைப் பூச்சி அரிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், வெல்வெட்டைத் துலக்க வேண்டாம். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே 1930 முதல் ஓர் ஆய்வகம் இருக்கிறது. நேரில் சென்று கேளுங்கள், படமெடுத்துக் கொண்டு போனால் போதும். வில்லை மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: எய்யாமல் வைத்தால் வில் ‘செத்துவிடும்’ என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: இல்லை. மரமும் கண்ணாடியிழையும் ஓய்வினால் விசையை இழப்பதில்லை. நாணேற்றியே வருடக்கணக்கில் மாட்டி வைத்திருந்தால்தான் மர வில் வளைவு தங்கித் தளரும். நெடுநாள் ஓய்வுக்குப் பின் எய்யும் வில்லை முதல் நாளிலேயே முழுவதும் இழுக்காமல், மேலே அண்ணா நகர் வாசகருக்குச் சொன்னபடி சிறிது சிறிதாக இழுத்துப் பழக்குங்கள். தூங்கிக் கிடந்த வில்லில் முதலில் கெட்டுப்போவது நாணும், அம்பைத் தாங்கும் கைப்பிடிப் பள்ளத்தில் ஒட்டிய கம்பளித் துண்டும், தோலும். அவை மூன்றும் சில நூறு ரூபாயில் மாற்றக்கூடியவை. பழையவற்றைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டு வில்லோடு சேர்த்து வையுங்கள்.